பொம்மை பேசினால் பிள்ளை கேட்கும்!

"இந்த டி.வி. சனியனை எவன்தான் கண்டுபிடிச்சானோ!"

இந்தப் புலம்பல் கேட்காத வீடு உண்டா, சகோதரிகளே? தட்டை மடியில் வைத்துக் கொண்டு, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் வாயை மட்டும் திறக்கிற பிள்ளை. 'அஞ்சே நிமிஷம்மா' என்று சொல்லி ஒரு மணி நேரம் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை. அதுவும் போதாதென்று அப்பாவின் செல்போனைத் தூக்கிக் கொண்டு மூலையில் பதுங்குகிற பிள்ளை. திட்டுகிறோம், ஒளித்து வைக்கிறோம், ஒயரைக்கூடப் பிடுங்கி விடுகிறோம். ஆனாலும் டி.வி. நம் வீட்டை விட்டுப் போகப் போவதில்லை. அது நிச்சயம்!

சரி, போகாத விருந்தாளியை என்ன செய்வது? ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்க வேண்டியதுதான். பிள்ளைக்கு நாம் ஆயிரம் தடவை சொல்லி ஏறாத விஷயத்தை ஒரு பொம்மை ஒரே தடவை சொல்லி ஏற்றி விடுகிறது. 'சாப்பிடுமுன்னே கை கழுவுடா' என்றால் காதில் விழாது. திரையில் ஒரு குரங்குக் குட்டி கை கழுவினால் இவனும் குழாயடிக்கு ஓடுகிறான். இதைப் பல நாட்டுக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்து, பொம்மைகளை வைத்தே ஆரோக்கியத்தையும் நல்லது கெட்டதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளை நான் தேடித் தேடிப் படித்தேன். நம் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துத் தாய்மாருக்கு அவற்றில் எடுத்துக் கொள்ள நிறைய இருக்கிறது.

தெருவில் பிறந்த பொம்மைகள்

அமெரிக்காவில் 1969 நவம்பர் 10-ம் தேதி 'ஸெஸமி ஸ்ட்ரீட்' என்ற நிகழ்ச்சி ஆரம்பமானது. அதற்கு வித்திட்டவர் ஜோன் கான்ஸ் கூனி என்ற பெண்மணி. வசதியான வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன்பே எழுத்தும் எண்ணும் தெரிந்து கொண்டு போகிறது; ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் போய் முதல் நாளே பின்தங்கி விடுகிறது. இந்த வித்தியாசத்தை டி.வி.யால் குறைக்க முடியுமா என்று அந்த அம்மாளும் அவருடைய நண்பர் லாயிட் மோரிஸெட்டும் யோசித்தார்கள். 'விளம்பரப் பாட்டு பிள்ளைக்கு மனப்பாடம் ஆகிறதே, ஏ, பி, சி, டி ஆகாதா?' என்ற கேள்விதான் ஆரம்பம். பெரிய மாளிகையையோ, மாயத் தோட்டத்தையோ காட்டாமல் சாதாரணத் தெரு ஒன்றைக் காட்டினார்கள். அங்கே மனிதர்களும் பொம்மைகளும் அக்கம்பக்கத்தாராகக் குடியிருந்தார்கள்.

பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. அமெரிக்கப் பொம்மையை அப்படியே அனுப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தந்த நாட்டு ஆட்களோடு சேர்ந்து அந்தந்த நாட்டுக்கென்று புதுப் பொம்மை செய்தார்கள். அந்த ஊருக்கு என்ன கஷ்டமோ, அதைப் பேசுகிற பொம்மை!

தென் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் வீடு வீடாகத் தாய் தகப்பனைக் கொண்டு போன சமயம். நோய் உள்ள பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளை விளையாட விட மாட்டார்கள், தொடக்கூட விட மாட்டார்கள். 2002-ல் அங்கே 'டகலானி ஸெஸமி' நிகழ்ச்சியில் 'காமி' என்று ஒரு பெண் பொம்மை வந்தாள். ஐந்து வயசு. அம்மாவை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள். அவள் உடம்பிலும் அந்தக் கிருமி உண்டு. ஆனால் ஓடுவாள், சிரிப்பாள், எல்லாரோடும் விளையாடுவாள். தொட்டால் ஒட்டாது, கட்டிப் பிடித்தால் ஒட்டாது என்று பிரசங்கம் செய்வதற்குப் பதில், மற்றப் பொம்மைகள் அவளைக் கட்டிப் பிடித்தே காட்டின.

எகிப்தில் 2000-ல் வந்த நிகழ்ச்சியில் 'கோக்கா' என்ற பெண் பொம்மை, 'நான் படிப்பேன், பெரிய ஆளாவேன்' என்று சொன்னாள். பெண் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கிய நாடு அது. அதனால்தான் அவள் அங்கே பிறந்தாள். ஆப்கானிஸ்தானில் 2016-ல் 'ஸாரி' வந்தாள். ஆறு வயசுப் பெண். பள்ளிக்கூடம் போகவும் விளையாட்டில் ஓடவும் ஆசை. அந்த நாட்டிலே 2021-ல் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு சாத்தப்பட்டு விட்டது. பொம்மை ஒருத்தியால் எல்லாம் ஆகி விடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் திரையில் ஸாரியைப் பார்த்து 'நானும் போவேன்' என்று ஆசைப்பட்ட பிள்ளையின் மனசிலிருந்து அந்த ஆசையை யார் அழிக்க முடியும்?

டி.வி.யே இல்லாத ஏழைப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். வங்காள தேசத்தில் 2005-ல் 'ஸிஸிம்பூர்' தொடங்கியபோது, கிராமத்துக்கு சைக்கிள் ரிக்ஷா வண்டியில் டி.வி. பெட்டியையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக் கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார்கள். நம் நாட்டில் 2006-ல் 'கலி கலி ஸிம் ஸிம்' வந்தது. (இந்தியில் கலி என்றால் சந்து, தெரு.) அதில் பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற சிறுமிதான் கதாநாயகி. அதையும் டி.வி. இல்லாத குடிசைப் பகுதிகளுக்குக் காய்கறித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு போய்க் காட்டினார்கள். கத்தரிக்காய் வண்டியில் பள்ளிக்கூடம்! எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்.

நம் பக்கத்து வீட்டுப் பெண் மீனா

இவர்கள் எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் மீனா. நம் ஊர்ப் பெண் மாதிரியே பெயர், நம் ஊர்ப் பெண் மாதிரியே நிலைமை.

தெற்காசிய நாடுகள் ஒன்று சேர்ந்து 1991 முதல் 2000 வரை உள்ள பத்தாண்டைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டு என்று அறிவித்தன. அந்தச் சமயத்தில் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிஸெஃப் உருவாக்கிய கார்ட்டூன் பெண்தான் மீனா. அவளுக்கு உருவம் கொடுத்ததில் பெரும் பங்கு நம் நாட்டுக் கார்ட்டூன் கலைஞர் ராம் மோகனுடையது. இந்தியா, வங்காள தேசம், பாகிஸ்தான், நேபாளம் என்று எந்த நாட்டுப் பிள்ளை பார்த்தாலும் 'இவ நம்ம ஊருக்காரி' என்று தோன்ற வேண்டுமென்று உடையிலும் வீட்டிலும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். மீனாவுக்கு ராஜு என்று ஒரு தம்பி, மிட்டு என்று ஒரு கிளி.

முதல் கதையைக் கேளுங்கள். மீனாவுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. வீட்டிலோ, 'பொட்டப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?' என்கிறார்கள். அவள் என்ன செய்கிறாள்? கிளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள்! கிளி ஜன்னலில் உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கேட்டுக் கொண்டு வந்து இவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்தக் கணக்கை வைத்து மீனா வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது! திருடனைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டு ஊரைக் கூட்டி விடுகிறாள். அப்போதுதான் அப்பாவுக்குப் புரிகிறது, படிப்பு வீட்டைக் காக்கும் என்று.

இன்னொரு கதை மாம்பழக் கதை. பழத்தைப் பங்கு போடும்போது பெரிய துண்டு தம்பிக்கு, சின்னது மீனாவுக்கு. பிறகு அக்காவும் தம்பியும் ஒரு நாள் வேலையை மாற்றிக் கொள்கிறார்கள். அவள் செய்கிற வேலையைச் செய்து பார்த்த ராஜு சாயங்காலத்துக்குள் களைத்துப் போகிறான். 'அக்காவுக்கும் சமமாகச் சோறு போடணும்' என்பது வீட்டுக்கே விளங்குகிறது. நம் வீட்டில் முட்டையும் மீனும் பங்கு வைக்கும்போது இந்தக் கதை ஞாபகத்துக்கு வந்தால் போதும். அதைவிட என்ன பாடம் வேண்டும்?

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைக் காப்பாற்றுகிற கதையும் உண்டு. 'பேதியாகிறது, தண்ணி குடுக்காதே' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தப்பு. போகிற தண்ணீரை ஈடுகட்ட வேண்டும். கடையிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல். அது கையில் இல்லாத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீ ஸ்பூன் சர்க்கரை, அரை டீ ஸ்பூன் உப்பு - இரண்டும் தலை தட்டி - கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. குழந்தை சோர்ந்து போனாலோ, கண் குழி விழுந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும்.

மீனா கதைகள் யூடியூபில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. 'எங்களுக்கு இந்தி தெரியாதே' என்று தயங்க வேண்டாம். லீவு நாளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்து விட்டு, நானே தமிழில் கதை சொல்லிக் கொண்டு போவேன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி! மாம்பழக் கதை முடிந்ததும் ஒரு பொடியன் எழுந்து, "அத்தை, எங்க வீட்டுல எனக்குத்தான் பெரிய துண்டு" என்றான் பெருமையாக. அவன் அக்கா அவனை முறைத்த முறைப்பு இருக்கிறதே! அன்று சாயங்காலம் அவர்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே போய்ச் சொல்லி விட்டார்கள்.

குரோஸ் கணக்கும் கோழிக் கணக்கும்

என் பிறந்த வீடு திருத்தங்கல், வாழ்க்கைப்பட்டது விருதுநகர். அதனால் பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அந்தத் தொழில்தான் கஞ்சி வார்த்தது. 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வந்தது. அதை யாரும் மறக்க முடியாது.

ஆனால் அந்தக் கஞ்சியில் பிள்ளைகளின் வியர்வையும் கலந்திருந்தது. ஒரு காலத்தில் விடியுமுன்பே ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு போகும். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரலுக்கு லாகவமாக வரும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எத்தனையோ பெண் பிள்ளைகள் குரோஸ் கணக்கு மட்டும் தெரிந்து, வாய்ப்பாடு தெரியாமலே கல்யாணம் ஆகிப் போனார்கள். மீனாவுக்காவது கிளி இருந்தது. அவர்களுக்கு யார் இருந்தார்கள்?

சிவகாசிப் பிள்ளைகளின் நிலைமை சுப்ரீம் கோர்ட் வரை போனது. எம்.ஸி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றது கோர்ட். 1986-ல் வந்த சட்டத்தை 2016-ல் இன்னும் இறுக்கினார்கள். இப்போது 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. பட்டாசு, தீப்பெட்டி மாதிரி ஆபத்தான தொழிலில் 18 வயது வரை கூடாது. காமராஜர் பிறந்த மண் இது. மதியச் சாப்பாடு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தவர் அவர். இப்போது ஆரம்பப் பள்ளியில் காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது. நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது.

இருந்தாலும் சகோதரிகளே, தீபாவளி நெருங்குகிற மாசங்களில் 'ரெண்டு நாளைக்கு லீவு போட்டுட்டுத் தம்பியைப் பாத்துக்கோ தாயீ, அம்மா வேலைக்குப் போயிட்டு வந்துடுறேன்' என்று மூத்த பெண்ணை நிறுத்துகிற வீடு இன்னும் இருக்கிறது. ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆகும். பரீட்சையில் மார்க் குறையும். 'இவளுக்குப் படிப்பு ஏறலை' என்று முத்திரை விழும். ஏறாமல் போனது படிப்பா, அவளை நிறுத்திய அந்த இருபது நாளா? கோழியை எண்ணிய மீனாவை அந்தத் தாயும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால், நாம் யாரும் புத்தி சொல்ல வேண்டியதே இல்லை.

சொல்ல வாய் வராத விஷயம்

எங்கள் பக்கத்தில் இன்னொரு பேச்சு உண்டு. பிள்ளைகள் முன்னால் யாரும் எடுக்காத பேச்சு. விபத்து.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய நாற்பது உயிர்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று எத்தனையோ வீட்டில் விளக்கு அணைந்திருக்கிறது. பெரியவர்களாவது அழுது தீர்க்கிறோம். நாலு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் அடுத்த தெருவில் அப்படி ஒரு தகப்பன் போய்ச் சேர்ந்தார். அந்தச் சின்னப் பயலிடம், 'அப்பா மதுரைக்குப் போயிருக்காரு, வரும்போது உனக்குக் காரு பொம்மை வாங்கிட்டு வருவாரு' என்று சொல்லி வைத்தார்கள். பிள்ளை மனசு நோகக் கூடாது என்ற பாசம்தான், வேறென்ன? அவனோ தினமும் சாயங்காலம் வேலைக்குப் போனவர்களை இறக்கி விடுகிற வேன் வரும்போது வாசல்படியில் போய் நிற்பான். எல்லாரும் இறங்குவார்கள். வேன் போகும். உள்ளே வருவான். மூன்று மாசம் கழித்து ஒருநாள் அவன் கேட்டானாம்: "அப்பா எம்மேல கோவமா இருக்காரா? அதான் வரலையா?"

அன்றைக்கு அவன் அப்பத்தாதான் அவனை மடியில் போட்டுக் கொண்டு உண்மையைச் சொன்னார்கள். "அப்பா செத்துப் போயிட்டாரு ராசா. இனிமே வர மாட்டாரு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை." ரெண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு அவன் வேனுக்குக் காத்து நிற்கவில்லை.

படிப்பறிவில்லாத அந்த அப்பத்தா செய்ததைத்தான் அமெரிக்காவில் படித்த நிபுணர்களைக் கலந்து பேசிச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஸெஸமி ஸ்ட்ரீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹூப்பர் தாத்தாவாக நடித்தவர் வில் லீ. அவர் 1982 டிசம்பரில் இறந்து போனார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம், 'தாத்தா ஊருக்குப் போய் விட்டார்' என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. 1983 நவம்பர் 24-ம் தேதி வந்த நிகழ்ச்சியில், ஆறு வயசுப் பிள்ளை மனசு கொண்ட பெரிய மஞ்சள் பறவை ஒன்று, தெருவில் எல்லாருக்கும் படம் வரைந்து கொண்டு வருகிறது. தாத்தாவின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. 'அவர் எப்போ வருவார்?' என்று கேட்கிறது. பெரியவர்கள் கண் கலங்க, அவர் இறந்து விட்டார், இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று எளிமையாகச் சொல்கிறார்கள். 'தூங்குகிறார்' என்றோ 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றோ மழுப்பவில்லை.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு யோசனை இருக்கிறது. அது அவர்கள் நாட்டில் எல்லாருக்கும் விடுமுறைப் பண்டிகை நாள். தாய் தகப்பன் வீட்டிலிருப்பார்கள், பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்கும் என்றே அன்று ஒளிபரப்பினார்கள்.

எனக்கு எல்லாக் கதையிலும் பெரிய பாடமாகத் தோன்றுவது இதுதான். பொம்மை பேச்சை ஆரம்பித்து வைக்கும். முடித்து வைக்க வேண்டியது வீட்டில் உள்ள பெரியவர்கள்தான்.

தீக்காயத்துக்கு தோசை மாவா?

இப்போது நம் ஊருக்கு ஒரு பொம்மை செய்வதாக வைத்துக் கொள்வோம். அது முதலில் என்ன பேச வேண்டும்? நான் சொல்வேன்: தீப்புண்.

தீபாவளி வெடியோ, அடுப்படிக் கொதி எண்ணெயோ, சுட்டதும் நம் கை எதைத் தேடுகிறது? தோசை மாவு, இங்க், பற்பசை, மஞ்சள், நெய்! ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். இவை எதுவும் வேண்டாம். புண்ணுக்குள் கிருமி போகும், சூடு உள்ளேயே தங்கும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை துடித்துப் போகும். பொம்மை சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

* சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் காட்டு. ஒரு நிமிஷம் போதாது, இருபது நிமிஷம். ஐஸ் வைக்காதே.

* வீங்குமுன்னே வளையல், மோதிரம், அரைஞாண் கயிறைக் கழற்று. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதே. கொப்புளத்தை உடைக்காதே.

* சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போ. முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றால் சின்னப் புண்ணானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். 108-க்குப் போன் பண்ணு.

* உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாதே. ஓடினால் தீ வளரும். நில், கீழே படு, உருளு!

'நில், படு, உருளு' என்பதை அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் டி.வி.யிலும் விளையாட்டு மாதிரியே பழக்கியிருக்கிறார்கள். ஸெஸமி ஸ்ட்ரீட்காரர்களும் தீப் பாதுகாப்புக்கென்று தனிப் பாடங்கள் தயாரித்தார்கள். பாயை விரித்துப் போட்டு நம் பிள்ளைகளையும் உருளச் சொல்லுங்களேன். சிரித்துக் கொண்டே கற்றுக் கொள்வார்கள். ஆபத்து வரும் நேரத்தில் உடம்பு தானாகச் செய்யும்.

பட்டாசு வேலை பார்க்கும் தாய் தகப்பனுக்கும் அந்தப் பொம்மை ஒரு வார்த்தை சொல்லலாம். வேலை முடிந்து வந்ததும் மருந்துக் கையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். குளித்து உடுப்பு மாற்றி, அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். திரியோ மருந்தோ வீட்டுக்குள் வரவே கூடாது. வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம்.

பக்கத்தில் உட்காருங்கள்

'இதெல்லாம் நிஜமாவே பலிக்குமா மதினி?' என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். 2013-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர், 15 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸெஸமி ஸ்ட்ரீட் வகை நிகழ்ச்சி பார்த்த பிள்ளைகள் எழுத்து, எண், ஆரோக்கியம், பாதுகாப்பு, மற்றவர்களை மதிக்கும் குணம் எல்லாவற்றிலும் முன்னேறியிருந்தார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்திருந்தது.

ஆனால் பெட்டியைப் போட்டு விட்டு நாம் அடுப்படிக்குப் போய் விட்டால் பாதிப் பலன்தான். நான் கடைப்பிடிக்கிற சில வழிகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு வயது முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. கைக்குழந்தைக்குச் சோறூட்ட டி.வி. வேண்டாம். நிலாவும் காக்காயும் இன்னும் நம் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன!

இரண்டாவது, நீங்கள் முதலில் பாருங்கள். கார்ட்டூன் என்றாலே நல்லது என்று அர்த்தமில்லை. அடிதடியும் கேலியும் நிறைந்ததும் கார்ட்டூன்தான்.

மூன்றாவது, ஒரே ஒரு கதை. அதையே இரண்டு மூன்று நாள் போடலாம். நமக்குச் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் மனசில் பதியும்.

நான்காவது, முடிந்ததும் பெட்டியை நிறுத்தி விட்டு ஒரு கேள்வி. 'மீனாவுக்கு ஏன் கோவம் வந்துச்சு?' 'நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?' பரீட்சைக் கேள்வி மாதிரி மிரட்டாமல், வெங்காயம் உரித்துக் கொண்டே சாவகாசமாகக் கேளுங்கள்.

ஐந்தாவது, பார்த்ததைச் செய்ய வையுங்கள். கை கழுவும் கதை என்றால் உடனே குழாயடி. தீக் கதை என்றால் உடனே பாய்.

ஆறாவது, ஆண்களையும் உட்கார வையுங்கள். மாம்பழக் கதையை அப்பாவும் அப்பத்தாவும் பார்க்க வேண்டாமா? பங்கு வைப்பவர்கள் அவர்கள்தானே!

நமக்கென்று ஒரு பொம்மை

பிள்ளைகளுக்கு நல்லதைச் சொல்ல டி.வி.யைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நம் நாடு கல்வி ஒளிபரப்பு செய்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம் என்று நடந்தது. அதில் நம் மாநிலம் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது சென்னைத் தொலைக்காட்சியில் 'கண்மணிப் பூங்கா' வரும். 2019 ஆகஸ்ட் 26-ல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமானது. 2020-ல் கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிய காலத்தில் அதில் வந்த பாடங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன.

ஆனால் நம் பட்டாசு ஊருக்கென்று, நம் கரிசல் பேச்சைப் பேசுகிற ஒரு 'மீனா' இன்னும் பிறக்கவில்லை. ஏன் பிறக்கக் கூடாது? தோல்பாவைக் கூத்தும் பொம்மலாட்டமும் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாம். சிவகாசியில் இல்லாத அச்சகமா, தெரியாத வண்ணமா? மத்தாப்புப் பெட்டி மேலே கார்ட்டூன் பொம்மை படம் போட்டுப் பிள்ளைகளை வாங்க வைக்கத் தெரிகிறதே. அதே பெட்டியின் இன்னொரு பக்கத்தில் அதே பொம்மை, 'பருத்தி உடுப்பு, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கூடவே பெரியவர் ஒருவர்' என்று சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் கேட்போம். மகளிர் குழுக் கூட்டத்தில் பேசுவோம். கல்வித் தொலைக்காட்சிக்கு ஒரு கடிதம் எழுதுவோம். அது வரும்வரை பழைய சாக்ஸில் பொத்தானைத் தைத்துக் கண் வைத்து, கையில் மாட்டிக் கொண்டு நாமே பேசினால் என்ன? நம் குரலில் பேசுகிற பொம்மையைவிடப் பிள்ளைக்குப் பிடித்த பொம்மை உலகத்தில் உண்டா? எங்கேயாவது ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது கண்ணில் பட்டால் 1098 என்ற எண்ணையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு கதை, ஒரே ஒரு கேள்வி. பிள்ளை என்ன பதில் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. அந்தப் பதில் உங்களையே ஆச்சரியப்படுத்தும்!